ஒரே நிறம், ஒரே வளவு: ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டியில் யாரை யாரோடு விடுவது?

ஆவணிக் கச்சான் காற்றில் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம் வற்றிக் கரை பின்வாங்கும்போது, சேறு காய்ந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டளவில் வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். சின்ன வயதில் அதை எருமை மிதித்த தடம் என்று நினைத்திருந்தேன். அவை ஆண் திலாப்பியாக்கள் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பிக் கட்டிய வளவுகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான். பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டினால் சண்டைதான். பெண் வந்து முட்டையிட்டு, முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டு தன் பாட்டில் போய்விடும். அவன் குழியைக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்பான். நம்மூரில் வளவு பெண்பிள்ளைக்கு எழுதப்படும். இவர்களிடத்தில் ஆண்தான் வளவுக்காரன்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்; சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். மலாவி ஏரியிலிருந்து வந்து, கொழும்பில் பெருகி, பொலித்தீன் பையில் மட்டக்களப்புக்கு வந்து சேரும் மஞ்சளும் நீலமுமான மீன்கள் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். எழுபது வருடமாக நம் கறிச்சட்டியில் கொதிப்பவனின் குணத்தைத் தெரிந்துகொண்டால், கண்ணாடித் தொட்டியில் நடக்கும் முக்கால்வாசிச் சண்டை புரிந்துவிடும்.

போன வருடம் ஆரையம்பதியில் இருக்கும் என் மருமகன் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினான். கடையில் 'மிக்ஸ்ட் ஆப்பிரிக்கன்' என்று கொடுத்த எட்டுக் குஞ்சுகளை அதில் விட்டான். மூன்று மாதம் பார்க்க நல்ல வடிவாக இருந்தது. நாலாம் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செட்டை கிழிந்து மூலையில் ஒதுங்கின, பிறகு மிதந்தன. கடைசியில் மிச்சம் ஒன்று. அதுவும் வாங்கும்போது நீலமாக இருந்தது, இப்போது மஞ்சளாக மாறி நிற்கிறது. ஃபோன் எடுத்தான்: "மாமா, இதோட விடுறதுக்கு சாதுவான மீன் நாலு சொல்லுங்களன்."

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை கிடையாது. சாதுவான மீனைக் கொண்டுபோய் அவனோடு விட்டால், அது சாதுவாக அடிவாங்கிச் சாகும். கேட்க வேண்டியது வேறு: இவன் யாரைக் கண்டால் அடிப்பான், ஏன் அடிப்பான்? அது தெரிந்தால், அவன் கண்ணுக்குப் பகையாகத் தெரியாத மீனைத் தேடலாம்.

அதற்கு முன் தண்ணீர். கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று பெரிய ஏரிகள்: மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா. கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மலாவிக்காரர்கள். அந்த ஓர் ஏரியில் மட்டும் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. அந்த ஏரியின் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் அளவு (7 நடுநிலை, மேலே போனால் காரம்), 7.7இலிருந்து 8.6 வரை போகும். டாங்கனிக்காவில் அது 9ஐ ஒட்டி நிற்கும். இரண்டிலும் தண்ணீரில் சுண்ணாம்பும் மற்றத் தாதுக்களும் கரைந்திருக்கின்றன. அமேசன் காட்டு ஆறுகளில் இருந்து வந்த டிஸ்கஸ், ஏஞ்சல், நியோன் டெட்ரா எல்லாம் இதற்கு நேரெதிரான மென்மையான தண்ணீருக்குப் பிறந்தவை. ஆகவே அவை பட்டியலிலிருந்து முதலிலேயே கழிந்துவிடுகின்றன. ஒஸ்காரும் சிக்லிட்தானே என்று சிலர் கேட்பார்கள். சிக்லிட்தான், ஆனால் தென்னமெரிக்கச் சிக்லிட். மலாவிக்காரன் சுறுசுறுப்பாகக் கடித்துவிட்டு ஓடுவான், ஒஸ்கார் பிரமை பிடித்ததுபோல் நிற்கும். கொஞ்சம் வளர்ந்ததும் தன் வாய்க்குள் போகிறவனை விழுங்கிவிடும்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் எழுவான்கரைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் துண்டில் அதிகம் தோண்டாமலே கிணறு ஊறும். மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். சவர்க்காரம் லேசில் நுரைக்காத, கேத்தலின் அடியில் வெள்ளை படியவைக்கும் தண்ணீர். டிஸ்கஸ் வளர்ப்பவர் இதைத் திட்டுவார். மலாவி மீனுக்கோ கிட்டத்தட்ட வீட்டுத் தண்ணீர். எங்கள் வளவுக் கிணற்றில் நான் அளந்தபோது பி.எச். 7.9 இருந்தது. குழாய்த் தண்ணீர் நான் பார்த்தவரை இதைவிட மென்மை, குளோரினும் சேர்ந்திருக்கும். ஒரு நாள் வாளியில் காற்றடித்து வைத்தோ மருந்து போட்டோதான் பயன்படுத்த வேண்டும். கோடையில் கிணறு உவர்ப்பாகும்போது சிலர் 'ஆப்பிரிக்கனுக்கு அது நல்லம்' என்பார்கள். உவர்ப்பு வேறு, சுண்ணாம்பு கரைந்த வன்மை வேறு. மலாவி நன்னீர் ஏரி. சமையல் உப்பைப் போட்டு அந்தத் தண்ணீரை ஆக்க முடியாது. பி.எச். ஏற்றுவதற்குக் கல்குடாப் பக்கம் போய்ப் பவளக்கல் பொறுக்கவும் வேண்டாம், அது சட்டப்படி தடை. ஃபில்டருக்குள் கழுவிய மட்டிச் சிப்பி ஒரு பிடி போட்டாலே போதும்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் கடைக்காரரின் 'மிக்ஸ்ட்' முதலாவதாக உடைகிறது. மலாவியில் பாறையோரம் வாழும் கூட்டத்தை அந்த ஏரிக்கரை மக்கள் 'ம்புனா' என்கிறார்கள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது இவற்றில் பலவற்றின் தொழில். குடல் நீளம். அவற்றுக்குத் தினமும் ரத்தப்புழுவும் மாட்டு இதயமும் போட்டால் வயிறு ஊதி, சாப்பாட்டைத் துப்பி, வெள்ளை நூல்போலக் கழித்துச் செத்துப்போகும். மீன் வளர்ப்பவர்கள் 'மலாவி ப்ளோட்' என்பது இதைத்தான். பீகொக் என்று விற்கும் மயில் சிக்லிட்டோ மணலுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி புழுவைத் தலையில் உள்ள நுண் குழிகளால் உணர்ந்து பிடிப்பவன். அவனுக்குப் புரதம் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்து ஒரே டப்பாத் தீனியைப் போட்டால் யாரோ ஒருவருக்கு அது பிழையான சாப்பாடு. ஸ்பிருலினா என்ற பாசி சேர்ந்த தீனியும், இடையிடையே அவித்த பசளிக்கீரையும் ம்புனாவுக்குச் சரி. பீகொக் அதிலும் சமாளிக்கும், ஆனால் நிறம் மங்கி மெலிந்துபோகும். அப்புறம், தீனி போடும் அந்த ஒரு நிமிடத்தில் ம்புனாவின் வேகத்துக்கு பீகொக்கால் ஈடுகொடுக்கவும் முடியாது.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம்.

குளத்துத் திலாப்பியா தன் குழிக்கு மேலால் போகும் எல்லா மீனையும் விரட்டுவதில்லை. கெளிறு போனால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இன்னொரு ஆண் திலாப்பியா வந்தால்தான் செட்டையை விரித்துக்கொண்டு பாயும். அவன்தான் குழிக்கும் பெண்ணுக்கும் போட்டி. ஏரி சிக்லிட்டும் அப்படித்தான். ஆனால் அங்கே ஒரே பாறையில் பல இனங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்வதால், போட்டிக்காரன் யார் என்பதை நிறத்தையும் கோட்டையும் வைத்தே கண்டுகொள்கிறது. விக்டோரியா ஏரியில் நீல ஆண்களும் சிவப்பு ஆண்களுமாக அருகருகே வாழும் இனங்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஆண்கள் பொதுவாகத் தன் நிறத்தவன்மீதே அதிகம் பாய்வது தெரிந்தது. தொட்டியில் இதன் பொருள் எளிது. தண்ணீரும் தீனியும் ஒத்துப்போகும் மீன்களாக எடுத்து, அவற்றுக்குள் நிறமும் உருவமும் புழங்கும் இடமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவற்றைச் சேர்க்க வேண்டும். கடையில் நாம் செய்வது நேர்மாறு: மஞ்சள் பிடித்துப்போய் மஞ்சளிலேயே மூன்று இனம் வாங்குகிறோம்.

மருமகன் வீட்டில் மிஞ்சியவன் கென்யி என்ற ம்புனா. இந்த இனத்தில் குஞ்சுகளும் பெண்களும் கோடுபோட்ட நீலம். ஆண் வளர வளர மஞ்சளாகும். நிறம் மாறிய அன்று அவன் பார்வையும் மாறும்; அதுவரை கூடத் திரிந்த எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் ம்புனா திடீரென்று வளவுக்குப் போட்டியான பங்காளியாகத் தெரியும். எட்டில் மூன்று யெல்லோ இருந்ததாம். முதலில் போனவை அவைதான். கென்யி ம்புனாவிலேயே முரட்டு இனம். இன்னொரு முரடன் அவ்ராடஸ்: குஞ்சில் மஞ்சளும் கறுப்பும் கோடுபோட்டுக் கொள்ளை அழகு, அதனால்தான் கடையில் எப்போதும் இருக்கும். விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் ஆணும் பெண்ணும் சேர்ந்து தொட்டியை ஆளும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அழகுக்கு அழகு வேறு நிறைய இருக்கிறது.

டெமசோனி கொஞ்சம் வேறு மாதிரி. கருநீலப் பட்டை போட்ட சின்ன மீன், மற்ற இனத்தவரை அவ்வளவாகத் தொடாது, ஆனால் தன் இனத்தவனைக் கண்ணில் காட்டக்கூடாது. இரண்டு விட்டால் ஒன்று மிஞ்சும், ஐந்து விட்டாலும் பல வேளை ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்கு மேல் விட்டால் யாரை அடிப்பதென்று தெரியாமல் அடி எல்லாருக்கும் பங்காகிப் போய் பிழைத்துக்கொள்ளும். ஆக, பன்னிரண்டு வைக்க இடமில்லாத ஒருவருக்கு டெமசோனி கிடையாது.

சரியாகச் சேரும் ஒரு கூட்டம் எப்படி இருக்கும்? என் வீட்டு நாலடித் தொட்டி 4க்கு 1.5க்கு 1.5 அடி, விளிம்புவரை நிரப்பினால் 255 லீற்றர். அதில் எலக்ட்ரிக் யெல்லோ, ரஸ்ட்டி, ஏசி மூன்றும் இருக்கின்றன. யெல்லோ ம்புனாக் கூட்டத்தில் இருந்தாலும் பூச்சி தின்பவன், வளவு பிடிப்பதில் பெரிய ஆர்வமில்லாதவன். தீனி விஷயத்திலும் இரண்டு பக்கத்தோடும் ஒத்துப்போவான். ரஸ்ட்டி ஊதா கலந்த துருநிறம், பாறை இடுக்கில் தன் பாட்டில் இருக்கும். ஏசி நீல உடம்பும் மஞ்சள் வாலுமாகத் தொட்டியின் மேல் பாதியிலேயே கூட்டமாகத் திரியும், பாறைக்குப் போட்டிக்கே வராது. மூன்று நிறம், மூன்று இடம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண். பெண்கள் குறைந்தால் இருக்கிற ஒருத்தியை ஆண் துரத்தித் துரத்தியே கொன்றுவிடுவான். குஞ்சில் ஆண் பெண் தெரியாது என்பதால் ஓர் இனத்தில் ஆறேழு வாங்கி, வளர்ந்ததும் மேலதிக ஆண்களை எடுத்துவிடுவதுதான் நடைமுறை.

யெல்லோவோடு ரெட் ஸீப்ரா சேர்க்கலாம் என்று கடையில் சொல்வார்கள். ரெட் ஸீப்ராப் பெண் செம்மஞ்சள். யெல்லோ ஆணுக்கு அது போதும், இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கும். சண்டைக்கு வழி செய்யும் அதே நிற ஒற்றுமை கலப்புக்கும் வழி செய்கிறது. 'மிக்ஸ்ட்' பெட்டியில் வெளிறிய மஞ்சளாக, எந்த இனமென்று யாராலும் சொல்ல முடியாமல் கிடப்பவை பெரும்பாலும் இப்படி வந்தவையே. அவற்றின் குணத்தை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

முரடனை எடுத்துவிட்டால் தொட்டி அடங்கும் என்பதும் பாதி உண்மைதான். டாங்கனிக்காப் பக்கத்தில் பர்ட்டனி என்று ஒரு சிக்லிட் இருக்கிறது. அதில் அடங்கிக்கிடக்கும் ஆண் மங்கலாக, பெண்போல நிறமில்லாமல் இருக்கும். தலைவனை எடுத்த சில நிமிடங்களிலேயே அது நிறமேறிப் பாயத் தொடங்குவதை ஆய்வுகூடங்களில் பார்த்திருக்கிறார்கள். நாற்காலி காலியாக இருப்பதில்லை. அதனால் ஒருவனை எடுத்தாலும், புதியவர்களை விட்டாலும், கற்களையும் சேர்த்து மாற்றி அடுக்க வேண்டும். வேலி போன இடம் தெரியாவிட்டால் பழையவனும் புதியவனும் ஒரே நாளில் வளவு தேடத் தொடங்குவார்கள். புதியவனைத் தனியாக ஒருபோதும் விடக்கூடாது. நாலைந்தாக, விளக்கை அணைத்துவிட்டு இரவில் விடுங்கள். கல்லை மணலின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் வைத்துச் சுற்றி மணல் போடுவதும் முக்கியம், இவர்கள் அடியைத் தோண்டிச் சரித்துவிடுவார்கள்.

பீகொக் தொட்டி வைப்பவருக்கு வழி வேறு. பெண்ணே இல்லாமல், ஒவ்வொரு நிறத்திலும் ஓர் ஆண் மட்டும். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. பெண் பீகொக்குகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எந்த இனத்துப் பெண் என்று பழகியவர்களுக்கே தடுமாறும். ஒருத்தியை விட்டாலும் எல்லா ஆணும் எழும்பிவிடுவார்கள். இந்தக் கூட்டத்தோடு வீனஸ்டஸ் குஞ்சை அழகாக இருக்கிறதென்று சேர்ப்பவர்கள் அதன் வளர்ந்த நீளம் 25 சென்ரிமீற்றர் என்பதையும், அது மீன் தின்னி என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அதற்குத் துணைமீனைத் தீர்மானிப்பது குணமல்ல, வாயின் அகலம்.

'நெருக்கி விட்டால் சண்டை குறையும்' என்று எங்கும் எழுதியிருக்கிறது. உண்மைதான், எல்லை பிடிக்க இடமில்லாமல் போய்விடும். ஆனால் அந்தக் கணக்கு கரண்ட் நிற்காத ஊர்களில் போட்ட கணக்கு. 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஃபில்டர் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், நம் கச்சான் காலத்து 31 பாகையில் 7.4தான். சூட்டில் மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும், கோபமும் அதிகம். அதோடு பி.எச். ஒன்று ஏறும்போது தண்ணீரிலுள்ள அமோனியாவில் நஞ்சான பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். டிஸ்கஸ் தொட்டியில் தாங்கக்கூடிய அழுக்கு மலாவித் தொட்டியில் கொல்லும். வெளிநாட்டுக் கணக்குப்படி என் தொட்டியில் முப்பது விடலாம். நான் பதினெட்டோடு நிறுத்தி, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கிழமைக்கு ஒருதடவை மூன்றிலொரு பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். ஹீட்டர் இந்த ஊருக்குத் தேவையில்லை.

சிக்லிட் அல்லாத துணை? கப்பி, கோல்ட்ஃபிஷ், கௌராமி வேண்டாம். முதலாவது தீனியாகும், மற்ற இரண்டும் செட்டையிழக்கும். கண்ணாடி சுத்தம் செய்ய என்று விற்கும் பெரிய சக்கர் தாங்கும், ஆனால் ஓரடிக்கு மேல் வளர்ந்து, தான் தின்னும் பாசியைவிட அதிகமாகக் கழித்து வைக்கும். ஆப்பிரிக்காவின் ஸினொடொன்டிஸ் கெளுத்தி வகைகள்தான் உண்மையில் பொருந்தும். தடித்த தோல், முள், இரவில் நடமாட்டம். சிக்லிட் கண்ணில் அது போட்டிக்காரனே இல்லை. அதில் புள்ளிபோட்ட டாங்கனிக்கா இனம் ஒன்று பொல்லாத சாமான். சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து இடையில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும், தாய் சிக்லிட் இரண்டையும் சேர்த்து வாயில் அள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே மற்றவற்றைத் தின்று வளரும். குயில் காகக்கூட்டில் செய்வதைவிட ஒரு படி மேல்.

கென்யிக் கதை மிச்சம் இருக்கிறது. "மறுகா, இத வாவில விட்டுருவமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். திலாப்பியா ஒன்றே போதும், அது குளத்தையும் வாவியையும் எவ்வளவு லேசாகப் பிடித்தது என்று பார்த்திருக்கிறோம். விக்டோரியாவில் 1950களில் விட்ட நைல் பேர்ச் பிற்காலத்தில் அந்த ஏரியின் எத்தனையோ சிக்லிட் இனங்களை இல்லாமல் செய்தது. கென்யி இப்போது எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் தனியாக, நுளம்புக் குடம்பி பிடித்துக்கொண்டு நல்ல மஞ்சளாக இருக்கிறது. அதற்குத் துணை தேடும் எண்ணம் இல்லை.

இரண்டடித் தொட்டி என்பது 57 லீற்றர்; அதில் எந்த மலாவிக் கூட்டமும் சரிவராது. அதற்கு நான் சொன்னது டாங்கனிக்காவின் ஓட்டுக்குள் வாழும் மல்டி. வளர்ந்த ஆண்கூட ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஏரிக்கடியில் கிடக்கும் வெற்று நத்தை ஓடுகளில் குடியிருந்து, அதற்குள்ளேயே முட்டையிடும் இனம். கொழும்பில் வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஆறு வந்தன. ஓடுகளுக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரை போனோம். அறுவடை முடிந்த வயலில் நத்தை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. இருபது பொறுக்கி, நன்றாக அவித்துக் கழுவி, நாலு விரல் ஆழ மணலில் புதைத்தான். வேறு துணைமீன் எதுவும் இல்லை. இப்போது முப்பதுக்குக் கிட்ட இருக்கின்றன. ஓட்டுக்கு ஓடு மணலை வாயால் அள்ளித் துப்பி எல்லை கட்டுகின்றன. மேலிருந்து பார்த்தால், வற்றிய குளத்தில் கண்ட அதே வட்டக் குழிகள், ஐந்து சதக் குற்றியளவில்.